தர்மபுரி புறநகரில் கட்டிய வீடு வாங்குவது எப்படி: முன்பணத்துக்கு முன்னும் பின்னும்

இலக்கியம்பட்டி, பாரதிபுரம், வெண்ணாம்பட்டி, பிடமனேரி, ஒட்டப்பட்டி என்று தர்மபுரி வெளிப்பக்கமாக வளர்ந்துகொண்டே போகிறது. வேலை மாறுதலில் வருகிறவர்கள், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு குடும்பத்தை இங்கே வைக்க நினைப்பவர்கள், சுற்றுக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக இடம் பெயர்பவர்கள் என்று பலரும் இந்தப் பகுதிகளில் வீடு தேடுகிறார்கள். மனை வாங்கிக் கட்டுவதைவிட, ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்கிவிட்டால் வாடகை மிச்சம் என்பதே பலரின் எண்ணம். எங்கள் குடும்பமும் அப்படித்தான் வெளியூரிலிருந்து வந்து வாங்கியது.

வாங்கும்போது எதை முதலில் பார்ப்பது, எதை எந்த அலுவலகத்தில் கேட்பது என்று முழுதாகச் சொல்ல ஆளே கிடைக்கவில்லை. தரகர் ஒன்று சொல்வார், பத்திர எழுத்தர் இன்னொன்று சொல்வார், வங்கியில் போய் நின்றால் இரண்டு பேரும் சொல்லாத ஒரு காகிதத்தைக் கேட்பார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் வரிசைப்படி எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுக்கும் வரை நீங்கள் செய்யும் சோதனைகளுக்குச் செலவு மிகக் குறைவு, பாதி இலவசம். கொடுத்த பிறகு, விடுபட்ட ஒவ்வொரு காகிதத்துக்கும் அலைவது நீங்கள்தான். விற்பவருக்கு அவசரம் போய்விடும். அதனால் கீழே உள்ள 1 முதல் 7 வரை முடிக்காமல் ‘டோக்கன் அட்வான்ஸ்’ என்று 5,000 ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். “இன்னிக்கு சாயங்காலம் வேற பார்ட்டி வராங்க” என்று தரகர் சொன்னால், சரி, வரட்டும் என்று விட்டுவிடுங்கள்.

1. வீட்டுக்கு முன் தெருவைப் பாருங்கள்

பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாளும் போங்கள். புறநகர் மனைப் பிரிவுகள் பல முன்பு வயலாகவும் ஏரிப் பாசன நிலமாகவும் இருந்தவை. எந்தத் தெருவில் தண்ணீர் தேங்குகிறது என்பது மழைக்கு மறுநாள்தான் தெரியும். ஏரிக்கரை, ஓடை ஓரம் என்றால் கூடுதல் கவனம் தேவை. அதற்கான காகிதம் பற்றி 6-ஆம் படியில் சொல்கிறேன்.

வீடு நகராட்சி எல்லையிலா, ஊராட்சியிலா என்று கேளுங்கள். தெரு ஒன்றாக இருக்கும், எதிர் வரிசை வேறு உள்ளாட்சியில் இருக்கும். வரி, குப்பை வண்டி, தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் இதைப் பொறுத்தே அமையும். பல இடங்களில் பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். அது எங்கே இருக்கிறது, கழிவுநீர் லாரி வந்து நிற்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

பேருந்து, பள்ளி, ரேஷன் கடை, மருத்துவமனை நான்கையும் தரகர் சொல்லும் ‘5 நிமிஷம்’ கணக்கில் எடுக்காதீர்கள், நடந்து பாருங்கள். தெருமுனையில் சாதாரணக் கட்டண டவுன் பஸ் நிற்கிறதா என்பது வீட்டுப் பெண்களுக்குப் பெரிய விஷயம். 2021 முதல் அதில் அவர்களுக்குப் பயணம் இலவசம் என்பதால், தினமும் வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறவர் இருந்தால் மாதச் செலவில் நேரடியாகத் தெரியும். தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது நல்ல வசதி. ஆனால் ராத்திரி 2 மணிக்கு உங்கள் தெருவிலிருந்து ஆட்டோ கிடைக்குமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வெண்ணாம்பட்டிப் பக்கம் போல ரயில் பாதையைக் கடந்து போக வேண்டிய இடம் என்றால், பள்ளி நேரத்தில் ஒருநாள் அந்த வழியில் போய்ப் பாருங்கள்.

‘வரப்போகிற’ வசதிக்கு விலை கொடுக்காதீர்கள். மொரப்பூர்–தர்மபுரி ரயில் பாதை, சிப்காட், சாலை அகலப்படுத்தல் என்று சொல்லி சென்ட்டுக்கு ஏற்றிக் கேட்பார்கள். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அப்படி வரும் திட்டத்துக்காக உங்கள் சர்வே எண்ணே கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

2. தண்ணீர்: இந்த மாவட்டத்தில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருக்கிறது. குழந்தைகளின் பற்களில் மஞ்சள், பழுப்புக் கறைகள் வரும். பல வருடம் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பாதிக்கும். இதற்காகவே ஒகேனக்கல் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது.

ஆகவே “தண்ணி வருதா?” என்று கேட்டால் போதாது. எந்தத் தண்ணீர் வருகிறது என்று கேட்க வேண்டும். பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் ஒகேனக்கல் தண்ணீரும் தனித்தனியாக வரும். சில இடங்களில் ஒரே தொட்டியில் இரண்டும் கலந்து வரும். கேட்க வேண்டியவை இவை: ஒகேனக்கல் இணைப்பு இந்த வீட்டின் பெயரிலேயே இருக்கிறதா, தெருக்குழாய் மட்டுமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, ஏப்ரல் மே மாதங்களில் எப்படி? விற்பவரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டு அக்காவிடம் கேளுங்கள். குடம் பிடிப்பவர்களுக்குத்தான் கிழமை நேரம் எல்லாம் சரியாகத் தெரியும்.

போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சிறு கட்டணத்தில் செய்கிறார்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் கழுவிவிட்டுப் பிடிக்க வேண்டும். கண்ணாடி பாட்டில் ஃபுளோரைடு சோதனைக்கு ஏற்றதல்ல. முடிவில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதற்கு மேல் என்றால் ஆர்.ஓ. இயந்திரமோ காவிரி இணைப்போ இல்லாமல் குடிக்கக் கூடாது. தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த ஒரு சோதனையைத் தவற விடவே விடாதீர்கள்.

போர் எத்தனை அடி, எப்போது போட்டது, கோடையில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே பாறை நிலம். புதிதாகப் போர் போட வேண்டி வந்தால் பல நூறு அடி இறங்க வேண்டியிருக்கும், தண்ணீர் கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. போர் பழுதென்றால் அதை விலையில் பேசிக் குறைக்கலாம்.

3. நகல்களை வாங்குங்கள், வில்லங்கம் போட்டுப் பாருங்கள்

தெருவும் தண்ணீரும் பிடித்திருந்தால் விற்பவரிடம் நடப்புப் பத்திரம், மூலப்பத்திரங்கள் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரங்கள்), பட்டா, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, கட்டட அனுமதி ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். நகல் தரவே தயங்குபவரிடம் மேலே பேச வேண்டியதில்லை. “அட்வான்ஸ் போட்டாத்தான் ஜெராக்ஸ்” என்பது இங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு. அதற்கு இணங்காதீர்கள்.

அடுத்து பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம், அதாவது இந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல், பாருங்கள். பார்ப்பது இலவசம். மண்டலம், பதிவு மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்துத் தேட வேண்டும். பல அலுவலகங்களுக்கு 1975 வரை பின்னோக்கிப் பார்க்கலாம். அதற்கு முந்தையதை அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். 30 வருடத்துக்குக் குறையாமல் போடுங்கள், வங்கியும் அதைத்தான் கேட்கும்.

தேடும்போது மூன்று இடங்களில் தவறு நடக்கிறது.

முதலாவது, உட்பிரிவு. இன்று 45/2ஏ என்று இருப்பது 20 வருடத்துக்கு முன் வெறும் 45/2 ஆக இருந்திருக்கும். 45/2ஏ மட்டும் போட்டால் பிரிப்பதற்கு முன் நடந்த எதுவும் வராமல் போகலாம், ‘வில்லங்கம் இல்லை’ என்று நினைத்துவிடுவீர்கள். தாய் எண்ணையும் தனியாகப் போடுங்கள். பக்கம் பக்கமாக வரும், பொறுமையாகப் படித்து உங்கள் மனை எண்ணைத் தேடுங்கள். 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பில் சர்வே எண்ணே மாறிய இடங்களும் உண்டு. அப்படியென்றால் பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் தேட வேண்டும்.

இரண்டாவது, அலுவலக எல்லை. தர்மபுரியில் ஒன்றுக்கு மேற்பட்ட சார்பதிவாளர் அலுவலகம் உண்டு. ஒரு கிராமம் ஒரு காலத்தில் ஓர் அலுவலகத்திலும் பின்னர் இன்னொன்றிலும் இருந்திருக்கலாம். மூலப்பத்திரத்தின் முத்திரையில் எந்த அலுவலகம் என்று பார்த்து, அங்கேயும் தேடுங்கள்.

மூன்றாவது, மாவட்டப் பெயர். தர்மபுரி 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள கட்டிகானப்பள்ளியிலோ காவேரிப்பட்டணத்திலோ நீங்கள் வாங்கும் வீட்டுக்கு 1990-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ‘தர்மபுரி மாவட்டம்’ என்றும், அதற்கு மூலமான 1960-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ‘சேலம் மாவட்டம்’ என்றும் இருந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் சரி. வட்டமும் இப்படித்தான். பத்திரத்தில் தர்மபுரி வட்டம் என்று இருக்கும் கிராமம் இன்று நல்லம்பள்ளி வட்டத்தில் இருக்கலாம். இணையத்தில் பட்டா தேடும்போது பழைய வட்டத்தைத் தேர்வு செய்தால் கிராமத்தின் பெயரே வராது.

4. வீட்டின் விற்பனை வரலாற்றைப் பின்னோக்கிப் படியுங்கள்

வில்லங்கச் சான்றின் ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண், ஆண்டு, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண் எல்லாம் இருக்கும். இன்றைய உரிமையாளரின் பத்திரத்தில் தொடங்கி, ‘முந்தைய ஆவண எண்’ணைப் பிடித்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். ஒரு வெள்ளைத்தாளில் எழுதினால் எளிது: யார், யாருக்கு, எப்போது, எந்த வகை ஆவணம், எவ்வளவு அளவு. இடையில் ஒரு கண்ணி விடுபட்டால் அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

கிரயம் என்றால் சுலபம். செட்டில்மெண்ட் (குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுப்பது), பாகப்பிரிவினை, விடுதலை (தன் பங்கை விட்டுக்கொடுப்பது), உயில் என்று வந்தால் நின்று படியுங்கள். அப்பா பெயரில் இருந்த வீட்டை அவர் இறந்தபின் மகன்கள் மட்டும் சேர்ந்து விற்றிருந்தால், மகள்கள் கையெழுத்து எங்கே என்று கேளுங்கள். “கல்யாணம் பண்ணிக் குடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க” என்ற பதில் சட்டத்தில் செல்லாது. தமிழ்நாட்டில் 1989-லிருந்தே பூர்வீகச் சொத்தில் அப்போது திருமணமாகாத மகள்களுக்குச் சமபங்கு உண்டு. 2005 மத்தியச் சட்டத் திருத்தத்துக்குப் பின் திருமணமான மகள்களுக்கும் உண்டு. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி உயில் எழுதாமல் இறந்திருந்தாலும் மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் தாயார் என அனைவரும் வாரிசுகள். வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பொருத்துங்கள். 18 வயது ஆகாத பிள்ளையின் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இருந்ததா என்று வழக்கறிஞரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடமானம் இருந்தால் அதை முடித்த ‘ரசீது’ ஆவணம் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். கடனைக் கட்டியவர்கள் பலர் வங்கியிலிருந்து பத்திரத்தை வாங்கி வந்ததோடு விட்டுவிடுகிறார்கள், ரசீதைப் பதிவதில்லை. அதேபோல ஒரு விற்பனை உடன்படிக்கை பதிவாகி, அதற்கு ரத்தோ கிரயமோ இல்லாமல் நின்றிருந்தால், வேறொருவர் இந்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார் என்று பொருள். அது முறையாக ரத்தாகிப் பதிவாகும் வரை நீங்கள் உள்ளே போகாதீர்கள்.

பவர், அதாவது வீட்டுக்காரருக்காக இன்னொருவர் விற்கும் அதிகாரப் பத்திரம், வைத்து விற்கிறார்கள் என்றால் பவர் பத்திரம் ரத்தாகவில்லை என்பதையும், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான மருத்துவர் சான்றையும் கேளுங்கள். கொடுத்தவர் இறந்ததும் பவரும் முடிந்துவிடும். முடிந்தால் வீட்டுக்காரரிடமே போனில் பேசிவிடுங்கள்.

வீட்டுவசதி வாரிய வீடு என்றால், வாரியத்திடம் தவணை முழுக்கக் கட்டி விற்பவர் பெயருக்குக் கிரயப் பத்திரம் வாங்கியாயிற்றா என்பதுதான் முதல் கேள்வி. ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் கையில் வைத்து விற்க வருபவர்களைத் தவிர்த்துவிடுங்கள்.

வரலாற்றில் தெரியும் விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பத்திரத்தில் போட்ட தொகை பெரும்பாலும் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்கும், கைமாறிய பணம் அதைவிடக் கூடுதலாக இருந்திருக்கலாம். அதனால் “2018-ல 14 லட்சம்தானே” என்று அதை வைத்து விலை பேச முடியாது. ஆனால் அதே மனைப் பிரிவில் அண்மையில் விற்ற நான்கைந்து வீடுகளைப் பார்த்தால் விலை எந்தப் போக்கில் போகிறது என்று புரியும். ஒரே வீடு சில வருடங்களுக்குள் மூன்று கை மாறியிருந்தால், ஏன் என்று அக்கம்பக்கத்தில் கண்டிப்பாக விசாரியுங்கள். பெரும்பாலும் தண்ணீரோ, வழியோ, வழக்கோ காரணமாக இருக்கும்.

5. வில்லங்கத்தில் வராதவை

வில்லங்கம் சுத்தமாக இருப்பது பாதி வேலைதான். உயில் பதிவாகியிருந்தாலும் வில்லங்கத்தில் வராது. பதியாத ஒப்பந்தம், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடக்கும் வழக்கு இவையும் வராமல் போகலாம். வழக்குக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் தர்மபுரி மாவட்ட நீதிமன்றங்களைத் தேர்வு செய்து, விற்பவர் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் ஆண்டுவாரியாகப் போட்டுப் பாருங்கள். இதுவும் இலவசம்தான்.

வழிப்பாதை இன்னொன்று. பழைய பத்திரங்களில் ‘செக்குபந்தி’ என்ற நான்கெல்லை விவரத்துக்குக் கீழே ‘மாமூல் தடபாத்தியம்’, அதாவது வழக்கமாகப் போய்வரும் வழியுரிமை, பற்றி ஒரு வரி இருக்கும். சந்தின் உள்ளே இருக்கும் வீடு என்றால் அந்த வரிதான் உங்கள் வண்டி உள்ளே போகும் உரிமை. அந்தச் சந்து ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்த பொதுப்பாதையா, தனியார் இடமா என்று பாருங்கள். தனியார் என்றால் எத்தனை அடி அகலம் என்று பத்திரத்தில் இருக்க வேண்டும்.

6. பட்டா, புலப்பட வரைபடம், மனை அங்கீகாரம்

வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகை உள்ள பதிவேடு), புலப்பட வரைபடம் (சர்வே எண்ணின் எல்லை, அளவு காட்டும் படம்) மூன்றையும் எடுங்கள். இங்கே புறநகரில் அதிகம் பார்ப்பது இதுதான்: பத்திரம் விற்பவர் பெயரில் இருக்கும், பட்டாவோ மனை போட்ட விவசாயி பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ நிற்கும். பட்டாவை விற்பவரே தன் பெயருக்கு மாற்றித் தரட்டும், பிறகு ஒப்பந்தம் போடலாம். நீங்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று வாங்கினால் அளவையர் வரும்வரை காத்திருப்பது உங்கள் பாடு.

பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 1,076 சதுர அடி. பட்டாவில் 0.01.50 என்று இருந்தால் 150 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,614 சதுர அடி. பத்திரத்தில் 1,800 என்று இருந்தால் மிச்சம் எங்கே என்று கேட்க வேண்டும். டேப் பிடித்து நான்கு பக்கமும் நீங்களே அளந்துவிடுங்கள்.

அ-பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பாருங்கள். புறம்போக்கு, கோயில் நிலம், ஆதிதிராவிடர் மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம், அரசு நிபந்தனையோடு கொடுத்த ஒப்படைப் பட்டா என்றெல்லாம் இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். பஞ்சமி நிலம் அந்த மக்களுக்கே உரியது, எத்தனை பத்திரம் மாறினாலும் மீட்கப்படலாம். வரைபடத்தில் ஓடையோ ஏரி எல்லையோ மனைக்குள் வருகிறதா என்பதையும் இங்கேதான் பார்க்க வேண்டும்.

நகர் ஊரமைப்பு அங்கீகாரம் இல்லாத மனை என்றால் 2016 அக்டோபர் 20 என்ற தேதியை நினைவில் வையுங்கள். அதற்கு முன் வீட்டு மனையாகவே பதிவானது என்றால் மறுபடி பதிய முடியும். ஆனால் 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் ஒழுங்குபடுத்தப்படாமல் இருந்தால் கட்டட அனுமதியிலும் வங்கிக் கடனிலும் தடை வரும். வரன்முறை ஆணையின் நகலைக் கேளுங்கள். நத்தம் (கிராமக் குடியிருப்பு நிலம்) இடத்துக்கு விதிகள் வேறு, நத்தம் பட்டாவே முக்கிய ஆதாரம்.

7. கட்டடம்

கட்டட அனுமதி வரைபடத்தையும் வீட்டையும் ஒப்பிடுங்கள். தரைத்தளத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு மாடியும் எழுப்பிய வீடுகள் நிறைய. வங்கி மதிப்பீட்டாளர் அந்த மாடியைக் கணக்கில் எடுக்காமல் போகலாம். விரிசல், மாடி ஒழுகல் இவற்றுக்கு ஊர் கொத்தனாரையோ பொறியாளரையோ ஒருமுறை கூட்டிப் போனால் போதும்.

நகல்கள் எல்லாவற்றையும் ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துச் சட்டக் கருத்து வாங்குங்கள். தரகர் காட்டும் வழக்கறிஞர் வேண்டாம், நீங்களே தேடிய ஒருவராக இருக்கட்டும்.

8. பணம்: மொத்தம் எவ்வளவு கையில் வேண்டும்

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பில் கணக்கிட்ட நிலமும் கட்டடமும், நீங்கள் பேசிய விலை, இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்ட வேண்டும். 40 லட்சம் வீட்டுக்கு 2,80,000-மும் 80,000-மும் சேர்ந்து 3,60,000 ரூபாய். 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

வங்கிக் கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். பதிவுச் செலவு அந்த மதிப்பில் சேராது. ஆக 40 லட்சம் வீட்டுக்கு 32 லட்சம் கடன் கிடைத்தால்கூட 8 லட்சமும் 3,60,000-மும் உங்கள் கையில் வேண்டும். அதற்கு மேல் எழுத்துக் கூலி, வழக்கறிஞர், வங்கியின் அடமானப் பதிவு, தரகு என்று வரும். தரகு 1 முதல் 2 சதவீதம் வரை கேட்பார்கள், முதல் சந்திப்பிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

“பத்திரத்துல 28 போட்டுக்கலாம், மீதியை கையில குடுங்க” என்பார்கள். வேண்டாம். வங்கி 28-க்குத்தான் கடன் தரும், நாளை நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரி கூடும், தகராறு வந்தால் கையில் கொடுத்ததற்கு ஆதாரமே இல்லை. வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு.

9. விற்பனை உடன்படிக்கை

இப்போதுதான் முன்பணம். உடன்படிக்கையைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். வெறும் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து போதும் என்று சொன்னால் கேட்காதீர்கள். வங்கிக் கடன் எடுப்பவர்கள் 3 மாதம் கெடு வையுங்கள். சட்டக் கருத்து, மதிப்பீடு, ஒப்புதல் எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும். கடன் கிடைக்காவிட்டாலோ உரிமையில் குறை தெரிந்தாலோ முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று தனி வரியாக எழுதுங்கள். மின்கட்டணப் பாக்கி, வரிப் பாக்கி, குடியிருப்பவரைக் காலி செய்வது எல்லாம் விற்பவர் பொறுப்பு என்பதும் இருக்க வேண்டும். எந்தெந்த மின்விசிறி, மோட்டார், தொட்டி வீட்டோடு வருகிறது என்பதையும் எழுதிவிட்டால் கடைசி நாளில் சண்டை இல்லை.

10. பதிவு நாள்

கட்டணம், முத்திரைத் தீர்வை எல்லாம் இணையத்தில் கட்டி டோக்கன் எடுக்க வேண்டும். முகூர்த்த நாட்களில் கூட்டம் அதிகம், ஆடி மாதத்தில் எளிதாகக் கிடைக்கும். எடுத்துப் போக வேண்டியவை: விற்பவரின் அசல் பத்திரங்கள், பட்டா, வில்லங்கம், வரி மற்றும் மின் ரசீது, இரு தரப்பு ஆதாரும் பான் அட்டையும், அடையாள அட்டையோடு 2 சாட்சிகள்.

முந்தைய நாளே வரைவுப் பத்திரத்தைச் சத்தமாக ஒருவர் வாசிக்க, இன்னொருவர் மூலப்பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். சர்வே எண், நான்கெல்லை, அளவு, பெயரின் எழுத்து, ஆதாரில் உள்ள முதலெழுத்து எல்லாவற்றையும் பாருங்கள். ஓர் எழுத்து தவறினாலும் பிழைத்திருத்தல் பத்திரம் என்று இன்னொரு பதிவு, அதற்கு விற்பவர் மறுபடி வர வேண்டும். கட்டடத்தை மறைத்துக் காலி மனை என்று எழுதித் தீர்வையைக் குறைக்கும் வழக்கத்துக்குத் துணை போகாதீர்கள். கட்டடம் எழுதியிருந்தால் அலுவலகத்திலிருந்து வந்து பார்வையிடுவார்கள், அதுவரை பத்திரம் கைக்கு வராமல் இருக்கலாம். அந்த நாட்களையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் மூலப்பத்திரங்கள் எல்லாவற்றையும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். தொலைந்தது என்றால் காவல் துறையின் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ சான்றும் பதிவுத் துறையின் சான்றிட்ட நகலும் வேண்டும். இதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும், பதிவு நாளில் தெரியவரக் கூடாது. சாவியும் அன்றே.

11. பதிவுக்குப் பின்

உட்பிரிவு செய்யத் தேவையில்லாத முழு எண் என்றால், விற்பவர் பெயரிலேயே பட்டா இருந்தால், பதிவோடு பட்டா தானாக மாறும் வசதி இருக்கிறது. சில வாரம் கழித்து இணையத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். உட்பிரிவு வேண்டும் என்றால் விண்ணப்பித்து, அளவையர் வரும் நாளில் நீங்கள் இடத்தில் இருங்கள்.

வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பத்திர நகல், பட்டா, பாக்கியில்லாத ரசீது போதும். மின் இணைப்பு வீட்டு உபயோகத்துக்கான கட்டணப் பிரிவில் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். முன்பு கடையாகவோ குடோனாகவோ இருந்த வீடு வணிகப் பிரிவிலேயே தொடர்ந்து, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசச் சலுகை கிடைக்காமல் போகும். அதன்பின் ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், எரிவாயு இணைப்பு முகவரிகள். பெயர் மாற்றங்கள் முடிந்தபின் வில்லங்கத்தை ஒருமுறை மறுபடி போட்டு, உங்கள் பத்திரம் சரியான சர்வே எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.